அரிது என்று எழுதும் முன்
திண்டிவனம், விழுப்புரம் வட்டார உயிரியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்யும் வாரங்களில் உங்களில் பலர் எனக்குப் படம் அனுப்புகிறீர்கள். பெரும்பாலும் செஞ்சிப் பக்கம் எடுத்தவை. சில மயிலம் குன்றில், சில உங்கள் வீட்டு முருங்கை மரத்தில். இலை நிற உடம்பு, உடம்பைவிட நீளமான மீசை, எகிறத் தயாராக மடக்கி வைத்த பின்னங்கால். படத்துக்குக் கீழே கேள்வி: “ஐயா, இது என்ன பேரினம்? போன் செயலி ஏதோ மலைப் பூச்சி பேரைக் காட்டுது. மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும்தான் இருக்காம். நம்ம ஊர்ல கெடச்சிருக்குன்னு கட்டுரை எழுதலாமா?”

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாருக்குமாக ஒரு மடல் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. கட்டுரை எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். ஆனால் அந்தப் படத்தை வைத்து எழுத முடியாது. ஏன் முடியாது, வேறு என்ன வேண்டும், கொடைக்கானல் போன்ற மலைகளின் அரிய பூச்சிக்கும் செஞ்சிக் குன்றுக்கும் என்ன சம்பந்தம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பூச்சியைப் பார்ப்போம். வெட்டுக்கிளி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு பெரும் பிரிவுகள் இருக்கின்றன. வயலில் பகலில் பெரும்பாலும் தாவுவது குட்டை மீசைக்காரர்கள். நீங்கள் படம் அனுப்புவது நீள்மீசை வெட்டுக்கிளிகள். சிள்வண்டுக்கு உறவு, பெரும்பாலும் இரவில் நடமாடுபவை. இந்தக் குடும்பத்துக்கு டெட்டிகோனிடே என்று பெயர். உலகம் முழுவதும் 8,000 இனங்களுக்கு மேல் பெயர் பெற்றுள்ளன. ஆணைக் கையில் பிடித்துப் பாருங்கள். இடது முன்சிறகு மேலேயும் வலது முன்சிறகு கீழேயும் மடிந்திருக்கும். சிள்வண்டில் இது நேர்மாறு. இடது சிறகின் அடியில், தோள் ஓரத்தில், வரிசையாகப் பற்கள் கொண்ட ஒரு நரம்பு இருக்கும். வலது சிறகின் விளிம்பு அதன்மேல் உராயும்போது, சீப்பின் பற்களில் நகத்தை இழுப்பது போல ஒலி பிறக்கும். காது தலையில் இல்லை. முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பாதத்தை எண்ணினால் நான்கு கணுக்கள், சிள்வண்டுக்கு மூன்றுதான். பெண்ணாக இருந்தால் வயிற்றின் நுனியில் வாள் போன்ற முட்டையிடும் உறுப்பு நீட்டிக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் குடும்பத்தைச் சொல்லத்தான். அடுத்தது துணைக்குடும்பம். பாதத்தின் முதல் இரண்டு கணுக்களில் பக்கவாட்டுப் பள்ளம் இல்லாமல் வழுவழுவென்று இருந்து, பெண்ணின் வாள் குட்டையாக மேல்நோக்கி வளைந்திருந்தால் ஃபானெரோப்டெரினே. தலை கூம்பாகச் சரிந்து, வாள் நீண்டு நேராக இருந்தால் கோனோசெபாலினே. நெல் வயலில் நீங்கள் பார்க்கும் நீள்மீசைக்காரர் பெரும்பாலும் இதுதான். மீசை முளைக்கும் குழியின் விளிம்பு மேடு தட்டி, உடம்பு இலையையோ பட்டையையோ அப்படியே உரித்து வைத்தது போலிருந்தால் சூடோபில்லினே. இந்தக் கடைசிக் கூட்டத்தில் சத்ரோபில்லியா என்ற பேரினத்தை நம் பக்கத்து வேல மரங்களில் தேடலாம். முன்னங்கால்களையும் மீசையையும் முன்னால் நீட்டி, கிளையோடு கிளையாகப் படுத்துவிடும். விரல் வைத்துத் தடவினால்தான் பட்டையில்லை, பூச்சி என்று தெரியும்.

பேரினம், இனம் என்று கீழே இறங்க இறங்க, பார்க்க வேண்டிய உறுப்பு சிறிதாகிக்கொண்டே போகும். முன்னங்கால் முட்கள் எத்தனை, அசைகிறவையா, அசையாதவையா? காதின் வாய் இருபுறமும் திறந்திருக்கிறதா, ஒருபுறம் மூடியிருக்கிறதா? ஆணின் வயிற்று நுனியில் இருபக்கமும் கொக்கி போல நீண்ட செர்சை எந்தப் பக்கம் வளைகிறது, நுனி பிளந்திருக்கிறதா? சிறகின் அடியில் உள்ள பல்வரிசையில் எத்தனை பற்கள், இடைவெளி சீரானதா? முதுகுப் பக்கமிருந்து எடுத்த போன் படத்தில் இவற்றில் ஒன்றும் விழாது. செயலி சொல்வது, உலகத்தில் நிறையப் படம் எடுக்கப்பட்ட பச்சைப் பூச்சிகளில் இதற்கு அருகில் நிற்பது எது என்பதை மட்டுமே. நிறையப் படம் எடுக்கப்படாத பேரினம் அதன் கணக்கிலேயே இருக்காது. அரிய பேரினம் என்றால் படம் எடுக்கப்படாத பேரினம்தானே? தேடுகிற பொருளைப் பற்றியே அதற்குத் தெரியாது.

இனி ஒரு வரலாறு. நம் மாநிலத்து வரலாறு. ஆனால் நம் பாடப் புத்தகங்களில் நான் பார்த்ததில்லை.

1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு மாறிய புனித வளனார் கல்லூரியை உங்களுக்குத் தெரியும். அங்கிருந்த இயேசு சபைப் பாதிரியார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருச்சிச் சமவெளியிலும் கொடைக்கானல் மலையிலும் வெட்டுக்கிளி, கும்பிடுபூச்சி, கரப்பான் என்று சேகரித்தார்கள். சேகரித்தவை ஸ்பெயினுக்குப் போயின. மாட்ரிட்டில் இக்னாசியோ பொலிவார் என்பவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, பிரெஞ்சு பூச்சியியல் சங்கத்தின் ஆண்டிதழில் 1897 முதல் 1902 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். கட்டுரையின் தலைப்பிலேயே திருச்சிக் கல்லூரியின் பெயர் இருக்கிறது. நம் ஊர்ப் பூச்சிகளைப் பற்றிய அடிப்படை ஆவணம் பிரெஞ்சு மொழியில், ஒரு ஸ்பானியரால் எழுதப்பட்டு, திருச்சிக் கல்லூரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்றும் தென்னிந்திய வெட்டுக்கிளி எதற்கும் பெயர் சொல்ல வேண்டுமானால் அதைத் திறக்காமல் முடியாது.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலையின் காஸ்தெத்ஸியா என்ற குட்டைமீசை வெட்டுக்கிளிப் பேரினம் அந்த வரிசையில் 1902இல் பெயர் பெற்றது. காஸ்தெ என்ற பாதிரியாரின் பெயர் அதில் இருக்கிறது. நீள்மீசைக்காரர்களில் டெகோல்யா என்ற பேரினம் 1900இல் வந்தது. டெகோல்யாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அது ஃபிசிடினி என்ற குலத்தைச் சேர்ந்தது. அந்தக் குலத்தார் தழை தின்பவர்கள் இல்லை, வேட்டைக்காரர்கள். முன்னங்காலிலும் நடுக்காலிலும் நீண்ட, அசையக்கூடிய முட்கள் வரிசையாக இருக்கும். இரை அருகே வந்ததும் கால்களை மடக்கினால் முட்கள் கூண்டாகி அதைச் சிறைபிடித்துவிடும். உடம்போ மெலிந்து, மென்மையானது. இந்தக் குலத்தை முன்பு லிஸ்ட்ரோசெலிடினே என்ற துணைக்குடும்பத்தில் வைத்திருந்தார்கள், முள்ளுக்கால் ஒற்றுமையைப் பார்த்து. பிறகு மெகோனெமடினே என்ற வேறு துணைக்குடும்பத்துக்கு மாற்றினார்கள். வேட்டையாடும் பூச்சி எதுவானாலும் காலில் முள் முளைக்கலாம்; முள் இருப்பதால் மட்டும் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிடாது. எந்த உறுப்பு பிழைப்புக்காக வந்தது, எது வம்சத்தோடு வந்தது என்று பிரித்தறிவதுதான் வகைப்பாட்டின் முழு வேலையும். தேர்வுக்குப் படிக்கும்போது இது ஒரு வரியாகப் போய்விடுகிறது. கையில் பூச்சியை வைத்துக்கொண்டு யோசிக்கும்போதுதான் இதன் கனம் தெரியும்.

பொலிவாரைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. மாட்ரிட் தேசிய இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தைப் பல ஆண்டுகள் வழிநடத்தியவர் அவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போர் முடிந்த 1939இல், ஏறக்குறைய தொண்ணூறு வயதில் நாட்டை விட்டு வெளியேறி, 1944இல் மெக்சிகோவில் இறந்தார். அவர் பெயரிட்ட பூச்சிகளின் பெயர்கள் நிலைத்துவிட்டன. காரணம், ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு ஊசி குத்திய உடலும், அதன் கீழே ஒரு சீட்டும் இருந்தன.

செஞ்சிக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட கேள்வியில் ஒரு நம்பிக்கை மறைந்திருக்கிறது: அரிய பூச்சி உயர்ந்த மலையில்தான் இருக்கும், நம் குன்றுகளில் என்ன இருக்கப் போகிறது? கொடைக்கானல், நீலகிரி, ஆனைமலை என்று அடுக்கடுக்காகத் தேடியவர்கள் செஞ்சியில் அந்த அளவு தேடியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஆள் போகிறது, பணம் போகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் சிதறிய குன்றுகள், கடலோரத்து உலர் பசுமைமாறாக் காடுகளின் மிச்சம் மீதி, மரக்காணத்தை ஒட்டிய தோப்புகள் இவற்றுக்கு அந்த அளவு யாரும் வருவதில்லை.

ஒரு பேரினத்தைப் பற்றி ‘பழனி மலையில் மட்டும்’ என்று எழுதும்போது இரண்டு கூற்றுகள் ஒன்றாக நிற்கின்றன. அங்கே இருக்கிறது என்பது ஒன்று. மற்ற இடத்தில் இல்லை என்பது மற்றொன்று. முதல் கூற்றை நிரூபிக்க ஒரு பூச்சி போதும். இரண்டாவதை நிரூபிக்க மற்ற இடமெல்லாம் தேடியிருக்க வேண்டும். செஞ்சியிலும் பக்கமலையிலும் கல்வராயனிலும் ஜவ்வாது மலையிலும் முறையாகத் தேடி, கிடைக்கவில்லை என்று ஒருவர் பதிவு செய்யாதவரை, கொடைக்கானலின் அரிய பேரினம் உண்மையில் அரியதா, தேடாததால் அரியதாகத் தோன்றுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மலைப்பூச்சியைப் பற்றிய தீர்ப்பில் பாதி உங்கள் ஊரில்தான் இருக்கிறது. மடலின் மையம் இதுதான். உங்கள் குன்றில் மலைப்பேரினம் கிடைத்தால் அது செய்தி. கிடைக்காமல், அங்கே உள்ள மற்றவற்றை எல்லாம் ஒழுங்காகப் பட்டியலிட்டால் அதுவும் அதே அளவு செய்தி. இரண்டாவதற்குப் பத்திரிகையில் படம் வராது, அதற்காக விட்டுவிடாதீர்கள்.

உயரமான மலை ஏன் தனிப் பேரினங்களை உண்டாக்குகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் அனோன்கோனோட்டஸ் என்ற நீள்மீசைப் பேரினம் இருக்கிறது. 1878இல் கமெரானோ பெயரிட்டது. மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் உயரத்தில் வாழ்வது. சிறகு குறுகி, ஆணுக்குக்கூடக் கழுத்துக் கவசத்தின் அடியில் ஒலியெழுப்ப மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. பறக்க முடியாது, ஒரு சிகரத்திலிருந்து அடுத்த சிகரத்துக்குப் போக நடுவில் உள்ள பள்ளத்தாக்கு தடை. தலைமுறை தலைமுறையாகத் தனித்திருந்ததால் சிகரத்துக்குச் சிகரம் உருவம் சற்றே மாறுகிறது. எத்தனை இனம் என்பதில் நெடுங்காலம் குழப்பம். சுவிட்சர்லாந்தின் அடோல்ஃப் நாடிக் 1987இல்கூட அதில் புது இனங்களுக்குப் பெயரிட்டார். அதன் பிறகும் 2002, 2003இல் மொத்தப் பேரினத்தையும் மீண்டும் கிளறிப் பார்த்தார்கள். மேலே பார்த்தால் ஒன்றுபோலவே தெரிவதை, ஆணின் செர்சையையும் பிறப்புறுப்பில் உள்ள சிறு கடின உறுப்பையும் உருப்பெருக்கியில் ஒப்பிட்டுத்தான் பிரித்தார்கள். இருநூறு ஆண்டுகளாக ஒவ்வொரு பாறையையும் புரட்டிப் பார்த்த ஐரோப்பாவிலேயே இந்த நிலை. நமக்கு எவ்வளவு வேலை மிச்சமிருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உருவம் மட்டும் போதாது என்பதற்கு ஆல்ப்ஸ் வரை போக வேண்டாம். மெகோபோடா எலங்காட்டா என்ற பெரிய பச்சை, பழுப்பு வெட்டுக்கிளி 1758இல் லின்னேயஸ் கையாலேயே பெயர் பெற்றது. தென்னிந்தியப் புதர்களில் சாதாரணமானது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ரோகிணி பாலகிருஷ்ணனும் அவருடைய மாணவர் விவேக் நித்யானந்தாவும் இந்த ஒரே ‘இனத்தின்’ ஆண்கள் பாடுவதைத் தென்னிந்தியாவின் பல இடங்களில் பதிவு செய்தார்கள். 2006இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: உருவத்தில் பிரிக்க முடியாத இந்தப் பூச்சிகளுக்குள் ஐந்து வேறுவேறு பாட்டுகள் இருக்கின்றன. கேட்ட மாதிரியே பெயரும் வைத்தார்கள். ஒன்று ஒற்றைக் கிறீச்சு, ஒன்று இரட்டைக் கிறீச்சு, ஒன்று ஹெலிகாப்டர், ஒன்று ரயில், ஒன்று இரண்டு பகுதியாக வருவது. பெண் வெட்டுக்கிளி உருவத்தைப் பார்த்து வருவதில்லை. இருட்டில் பாட்டைக் கேட்டு வருகிறது. பாட்டு வேறானால் இணைசேர்வது தடைப்படும். காலப்போக்கில் இனமே வேறாகும். 250 ஆண்டுகளாக ஒற்றைப் பெயரில் இருந்த பூச்சியைப் பிரித்துக் காட்டியது காதுதான். செஞ்சி அடிவாரத்தில் பாடுவது இந்த ஐந்தில் எது? ஆறாவதாக ஒன்று உண்டா? நல்ல மைக்கும் பொறுமையும் உள்ள ஒரு மாணவி இதற்கு விடை கண்டுபிடித்துவிடலாம்.

செஞ்சிக் கோட்டைக்குக் கீழே, சூரையும் காரையும் ஆவாரையும் அடர்ந்த புதரோரத்தில், மழைக்குப் பிந்தைய இரவில் நின்று பாருங்கள். முதலில் எல்லாம் ஒரே இரைச்சல். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் அடுக்குகள் பிரியும். தரையோரம் சிள்வண்டின் தெளிவான இசை. இடுப்பளவு புதரிலிருந்து தொடர்ந்து சீறும் ஒலி. மரக்கிளையிலிருந்து விட்டுவிட்டு வரும் ஒரு சொடுக்கு, எண்ணினால் சீராக இருக்கும். டார்ச்சை அடித்ததும் அருகிலிருப்பது நிறுத்திவிடும். அணைத்துவிட்டுக் காத்திருங்கள், மறுபடி தொடங்கும். சிவப்புக் காகிதம் சுற்றிய விளக்கு இதற்கு உதவும். பாடுகிற ஆணைப் பாடும்போதே பதிவு செய்து, அதே ஆணைப் பிடித்தால்தான் பாட்டுக்கும் உடலுக்கும் முடிச்சு விழும். பாட்டு ஒன்று, பூச்சி வேறொன்று என்று கலந்துவிட்டால் அந்தப் பதிவு யாருக்கும் பயன்படாது.

ஒரு எச்சரிக்கை. இவற்றில் பல, நம் காதுக்கு எட்டாத உச்சத்தில் பாடுகின்றன. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரை, அதுவும் இளம் வயதில். தென்னமெரிக்காவின் சூப்பர்சோனஸ் என்ற பேரினம் 150 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது என்று 2014இல் எழுதினார்கள். போனில் பதிவு செய்தால் 20, 22க்கு மேல் உள்ளது வெட்டுப்பட்டுவிடும். வவ்வால் ஒலி பதிவு செய்யும் கருவி உங்கள் துறையில் இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் போன் பதிவோடு ‘இந்த எல்லைக்கு மேல் பதிவாகவில்லை’ என்று எழுதி வையுங்கள். வெப்பநிலையையும் அப்போதே குறியுங்கள். குளிரில் பாட்டு மெதுவாகும், வெக்கையில் விரைவாகும். பொலிவார் திருச்சிப் பூச்சிகளை எழுதத் தொடங்கிய அதே 1897இல்தான் அமெரிக்காவில் டால்பியர் என்ற இயற்பியலாளர் சிள்வண்டின் கிறீச்சை எண்ணி வெப்பநிலை சொல்லலாம் என்று சூத்திரம் எழுதினார். வெப்பநிலை இல்லாத பாட்டுப் பதிவை இன்னொரு பதிவோடு ஒப்பிட முடியாது.

சரி, பிடித்த பூச்சியை என்ன செய்வது? கொல்வதற்கு மனம் வராது என்று சிலர் சொல்கிறீர்கள். அந்த மனத்தை மதிக்கிறேன். தேவைக்கு மேல் ஒன்றுகூட எடுக்காதீர்கள். குஞ்சுகளை எடுக்கவே வேண்டாம். ஆனால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கையில் இல்லாமல் பேரினத்தை உறுதியாகச் சொல்வது கடினம். உயிரோடு இருக்கும்போதே எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். செத்தபின் பச்சை மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிவிடும். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிட்டுப் பஞ்சு வைத்தால் நிறம் கொஞ்சம் தாங்கும். கழுத்துக் கவசத்தின் வலப்பக்கம் ஊசி குத்துங்கள். ஆணின் இடது சிறகை விரித்து வையுங்கள். பல்வரிசை அதில்தான் இருக்கிறது. ஒரு காலை எடுத்து எத்தனாலில் போட்டு வைத்தால் பின்னாளில் டி.என்.ஏ. பார்க்க உதவும்.

இனி சீட்டு. இதை நான் எவ்வளவு அழுத்தினாலும் போதாது. நம் பக்கத்திலேயே காரைக்காலை அடுத்த குரும்பகரத்தைச் சேர்ந்த சூசை நாதன் என்ற பூச்சி சேகரிப்பாளர் இருந்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் சேகரித்த தென்னிந்தியப் பூச்சிகள் உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் இருக்கின்றன. ‘நாதனி’ என்று முடியும் இனப்பெயர்கள் ஏராளம்; அவை எல்லாம் அவர் பெயரால் வந்தவை. பட்டம், பதவி இவற்றால் கிடைத்த பெருமை இல்லை அது. ஆனைமலை சிங்கோனா, 3,500 அடி, மாதம், ஆண்டு, தன் பெயர் என்று சிறு தாளில் தவறாமல் அச்சிட்டுக் குத்திவைத்த ஒழுங்கால் கிடைத்தது. அந்தச் சீட்டை வைத்து இன்றும் அதே இடத்துக்கு அதே மாதத்தில் போய் நிற்கலாம்.

நம் மாவட்டத்துப் பழைய சீட்டுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ‘தென்னாற்காடு’ என்று மட்டும் எழுதிய சீட்டு இன்று எந்த இடம்? 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமானது. 2019இல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. கல்வராயன் மலை அதோடு போயிற்று. ஆக, அந்த ஒற்றைச் சொல் கடலூர்க் கடற்கரையிலிருந்து கல்வராயன் உச்சி வரை எதையும் குறிக்கலாம். மலைப்பூச்சியா, கடலோரப் பூச்சியா என்ற கேள்விக்கே விடை இல்லாமல் போய்விடும். மாவட்டங்கள் இன்னும் பிரியும். எனவே ஊர்ப்பெயர், குன்றின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, மணி, எந்தச் செடி, யார் பிடித்தது, ஒலிப்பதிவு எண் இவ்வளவும் வேண்டும். பென்சிலிலோ அழியாத மையிலோ எழுதுங்கள். பூச்சியைப் பிடித்த அன்றே எழுதுங்கள். நினைவை நம்பி மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டுக்குள் எதை எடுக்க வேண்டுமானாலும் வனத்துறை அனுமதி வேண்டும். உங்கள் துறைத் தலைவர் வழியாக எழுதிக் கேளுங்கள். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, புதிய உயிரினம் எதைக் கண்டுபிடித்தாலும் அதன் மாதிரியை அதற்கென அறிவிக்கப்பட்ட களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும். திருச்சிப் பூச்சி மாட்ரிட்டுக்குப் போனது போல இனிப் போக முடியாது, போகவும் வேண்டாம். இந்திய விலங்கியல் ஆய்வகம் 1916இல் தொடங்கியது. அதன் தென்மண்டல மையம் சென்னையில் இருக்கிறது. திண்டிவனத்தில் காலை ரயில் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பலாம். அங்குள்ள, பெயர் தெரிந்த மாதிரியை உங்கள் மாதிரியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபின் பேசுங்கள்.

இதெல்லாம் எதற்கு, விவசாயிக்கு என்ன பயன் என்று வீட்டில் கேட்பார்கள். 2020 மே மாதக் கடைசியில் வடமாநிலங்களில் பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் வந்தபோது, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடியில் மொய்த்த வெட்டுக்கிளிப் படங்கள் போன் போனாகப் பரவி மக்கள் பதறினார்கள். அதிகாரிகள் போய்ப் பார்த்து, இது உள்ளூர் வெட்டுக்கிளி, பாலைவனத்தது இல்லை என்று விளக்க வேண்டியிருந்தது. எது எது என்று சொல்லத் தெரிந்த ஓர் இளைஞர் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருந்தால் அந்தப் பதற்றத்தை அன்றே தணித்திருக்கலாம். இன்னொன்று: கோனோசெபாலஸ் லாங்கிபென்னிஸ் என்ற நீள்மீசை வெட்டுக்கிளி நெல்லில் குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியலைத் தின்பது. வயலில் தாவுவதெல்லாம் பயிரைத் தின்ன வந்தது என்று எண்ணி மருந்தடிப்பவர், தன் வயலின் காவலையும் சேர்த்துக் கொல்கிறார். நெல்லும் மணிலாவும் விளையும் மாவட்டத்தில், எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிற திண்டிவனத்தில், இதைச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் ராணுவ நிலப்பரப்பு என்ற வரிசையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. எனக்கும் பெருமைதான். பெருமையோடு கூட்டம் வரும், விளக்குகள் வரும், பாதைகள் அகலமாகும். கோட்டையின் ஒவ்வொரு மதிலுக்கும் ஆவணம் இருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்று குன்றுகளின் புதர்களில் இரவில் பாடுபவை எவை என்பதற்கு, எனக்குத் தெரிந்து, இல்லை. விளக்கு வந்தபின் எது நின்றுபோனது என்று சொல்ல வேண்டுமானால், விளக்கு வரும் முன் எது பாடியது என்று யாரேனும் எழுதி வைத்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் அன்டியோக் மணல்மேட்டில் 1937இல் பிடித்த ஒரு நீள்மீசை வெட்டுக்கிளியை, நாற்பது ஆண்டு கழித்து 1977இல் டேவிட் ரென்ட்ஸ் என்பவர் எடுத்து ஆராய்ந்து பெயர் வைத்தார்: நெடூபா எக்ஸ்டிங்டா. அது புது இனம் என்று கண்டுபிடித்தபோது அந்த இனமே அங்கே இல்லாமல் போயிருந்தது. ‘அழிந்த’ என்பதையே அதற்குப் பெயராக வைக்க வேண்டியிருந்தது. நம் குன்றுகளில் எதற்கும் அப்படிப் பெயர் வைக்கும் நிலை வரக் கூடாது.

ஆகவே என் வேண்டுகோள் இது. வரும் புரட்டாசியில் தொடங்குங்கள். செஞ்சி அடிவாரம், பக்கமலை, மயிலம் குன்று, மரக்காணத்துத் தோப்பு என்று நான்கு இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். தை முடியும் வரை மாதம் இரண்டு முறை, அதே இடத்தில், அதே நேரத்தில் நின்று கேளுங்கள், பதிவு செய்யுங்கள். தனியாகப் போகாதீர்கள், மழைக்காலப் பாறை வழுக்கும், பாம்பும் இருக்கும். வீட்டிலும் வனக்காவலரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். ஒன்றும் கிடைக்காத இரவையும் தேதியோடு எழுதுங்கள். மாதிரிகளை உங்கள் கல்லூரி அருங்காட்சியகத்தில் நாப்தலின் போட்டு, பூட்டிய பெட்டியில் வையுங்கள். பதிவுகளின் ஒரு நகலையும், இரண்டு மாதிரி இருந்தால் ஒன்றையும் சென்னை மையத்துக்குக் கொடுங்கள். அதன் பிறகு எனக்குப் படம் அனுப்புங்கள்: செர்சையின் படம், பல்வரிசையின் படம், சீட்டின் படம். உருப்பெருக்கி என் மேசையில் தயாராக இருக்கிறது. பெயர் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் சேர்ந்து போய்க் கேட்போம்.

அன்புடன்,
திண்டிவனத்திலிருந்து,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்